உழவருக்குக் குறைவது பயிற்சிதானா? பூதிகோட்டை வயல்களிலிருந்து ஒரு மறுப்பு

விளைச்சல் ஏன் உயரவில்லை என்று கேட்டால் ஆளும் வர்க்கத்தின் அறிஞர்களிடம் ஒரே விடை ஆயத்தமாக இருக்கிறது. உழவர் பழைய முறையில் விதைக்கிறார்; இடைவெளி பார்த்து நடத் தெரியவில்லை; மண்ணைப் பரிசோதிக்கவில்லை. ஆகவே அவருக்குப் பயிற்சி கொடுங்கள். விளைச்சல் பெருகும், வறுமை ஒழியும் என்கிறார்கள். 2016 பிப்ரவரியில் பரேலியில் பேசிய பிரதமர் மோடி, 2022க்குள் விவசாயிகளின் வருமானம் இரட்டிப்பாகும் என்று அறிவித்தார். பயிற்சி முகாம்கள், மண்வள அட்டைகள், கைப்பேசிச் செயலிகள் என்று அந்த அறிவிப்பைச் சுற்றி ஓர் ஆரவாரம் எழுந்தது. 2022 வந்தது, போனது. இரட்டிப்பான வருமானத்தை எந்தச் சிறு விவசாயியும் கண்டதில்லை.

இந்த வாதத்தைத் தில்லியின் கருத்தரங்கக் கூடங்களில் மறுப்பதைவிட, ஒரு குறிப்பிட்ட மண்ணில் நின்று மறுப்பதே பயனுள்ளது. கோலார் தங்கவயலை அடுத்த பங்காருபேட்டை வட்டத்தில் உள்ள பூதிகோட்டையை எடுத்துக்கொள்வோம். ஹைதர் அலி பிறந்த ஊர் என்று வரலாற்று நூல்கள் இதைக் குறிப்பிடும். வற்றாத ஆறு எதுவும் இல்லாத, ஆண்டுக்குச் சுமார் 700 முதல் 750 மில்லிமீட்டர் மழையை நம்பி வாழும் மானாவாரி நிலம். கேழ்வரகு, துவரை, மொச்சை, தக்காளி, மல்பெரி, பால்மாடு ஆகியவையே இங்குள்ள குடும்பங்களைத் தாங்குகின்றன. 2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, வேலையிழந்த தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகள் விடியுமுன் பெங்களூருக்கு இரயிலேறுகிறார்கள். சுற்றியுள்ள கிராமங்களின் கன்னட, தெலுங்கு உழவர்களின் பிள்ளைகளும் அதே இரயிலில்தான் ஏறுகிறார்கள். சுரங்கமும் வயலும் கைவிட்ட இரு பிரிவினர் ஒரே பெட்டியில் பயணம் செய்யும் வட்டாரம் இது. உற்பத்தித்திறன் பற்றிய விவாதம் இங்கே வெறும் ஏட்டுக் கணக்காக இருக்க முடியாது.

நடவு முறையை நாம் மறுக்கவில்லை

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். நடவு முறைக்கும் விளைச்சலுக்கும் உள்ள உறவு உண்மையானது. அதை ஆளும் வர்க்கப் புனைவு என்று தள்ளுவது அறிவியலுக்கும் மார்க்சியத்துக்கும் ஒவ்வாது.

கேழ்வரகையே பாருங்கள். கைவீச்சில் விதைத்தால் பயிர் நெருக்கமாக எழுகிறது. ஒவ்வொரு செடியும் ஒளிக்கும் ஈரத்துக்கும் பக்கத்துச் செடியோடு போட்டியிடுகிறது. தூர் கட்டுவது குறைகிறது. களையெடுக்கக் கருவி நுழைய இடமில்லை. வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 10 சென்டிமீட்டரும் விட்டு, மூன்று வார நாற்றை நட்டால் விதைச் செலவு பாதிக்கும் கீழே இறங்குகிறது. கதிரும் திரட்சியாக வருகிறது. பருவமழை பிந்தினால், நாற்றங்காலில் காத்திருக்கும் நாற்று உழவருக்குச் சில வாரங்களை மீட்டுத் தருகிறது. மழை தவறினால் பருவமே தவறிவிடும் கோலாரில் இந்தச் சில வாரங்கள் சாதாரணமானவை அல்ல.

வடகர்நாடகத்தின் ஹாவேரி மாவட்ட உழவர்கள் இதைவிட ஒருபடி மேலே சென்றவர்கள். அவர்களது 'குளி ராகி' முறையில் நிலத்தைக் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழித்து, சுமார் ஒன்றரை அடிக்கு ஒரு குழி எடுத்து, ஒவ்வொரு குழியிலும் தொழு உரமிட்டு, இரண்டு நாற்றுகளை நடுகிறார்கள். பயிர் இளசாக இருக்கும்போது மரக்கட்டையாலான ஓர் எளிய கருவியை அதன் மேல் இழுத்துச் செல்வார்கள். சாய்ந்த பயிர் மீண்டும் எழும்போது வேர் வலுக்கிறது, தூர் பல வெடிக்கிறது. இரு திசையிலும் மாடு பூட்டிக் களையெடுக்கலாம். வழக்கமான முறையில் ஏக்கருக்கு 5 முதல் 10 குவிண்டால் கிடைக்கும் இடத்தில், இந்த முறையில் 18 முதல் 20 குவிண்டால் வரை எடுத்ததாகப் பதிவுகள் உள்ளன. இதை எந்தப் பன்னாட்டு நிறுவனமும் கண்டுபிடிக்கவில்லை. எந்த ஆய்வுக்கூடமும் காப்புரிமை பெறவில்லை. உழைப்பாளர்கள் தம் நிலத்தில் செய்து பார்த்துக் கண்ட அறிவு இது.

கோலார் உழவருக்கும் இத்தகைய அறிவு புதிதன்று. கேழ்வரகு வயலின் நடுவே குறித்த இடைவெளியில் துவரை, மொச்சை, ஆமணக்கு, கடுகு என்று வரிசை விடும் 'அக்கடி சாலு' முறை தென்கர்நாடகத்தின் பழைய வழக்கம். ஒன்று பொய்த்தால் மற்றொன்று காக்கும். பயறு வகைகள் மண்ணுக்குத் தழைச்சத்தைத் திருப்பித் தரும். திப்பு வீழ்ந்த மறு ஆண்டே, 1800இல், கிழக்கிந்தியக் கம்பெனி பிரான்சிஸ் புக்கானனை மைசூர் நாட்டுக்கு அனுப்பியது. 1807இல் வெளிவந்த அவரது பயண நூலில் இந்நாட்டின் கேழ்வரகுச் சாகுபடியும் மாடு இழுக்கும் விதைக்கருவியும் விரிவாக இடம்பெற்றன. வரி விதிக்க வந்த காலனி அதிகாரியே குறித்துக்கொண்ட திறனை, இன்றைய நிபுணர்கள் 'மரபுவழி அறியாமை' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எட்டு வரிசை கேழ்வரகுக்கு இரண்டு வரிசை துவரை என்று பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இன்று பரிந்துரைப்பதும் அந்தப் பழைய வழக்கத்தின் செம்மைப்படுத்தப்பட்ட வடிவமே.

ஆகவே நமது சண்டை நடவு முறையோடு அல்ல. உழவரின் அறியாமையே வறுமைக்குக் காரணம் என்னும் பொய்யோடுதான் நமது சண்டை.

அரசு கற்பித்த ஒரே பாடம்

கோலார் விவசாயிகளுக்கு எவரும் பயிற்சி தரவில்லை என்று சொன்னால் அது தவறாகும். ஒரு பயிரை நடுவதற்கு அரசு அவர்களுக்கு முழு மூச்சாகக் கற்றுக்கொடுத்தது. நாற்றுகளை வாரி வழங்கியது, அதிகாரிகளை ஊர் ஊராக அனுப்பியது, உலக வங்கியின் கடனையும் பெற்றது. அந்தப் பயிர் தைலமரம்.

1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் 'சமூகக் காடு வளர்ப்பு' என்ற பெயரில் கோலாரின் கேழ்வரகு நிலங்கள் தைலமரத் தோப்புகளாயின. 1981இல் வந்தனா சிவா, சரத்சந்திரா, பந்தோபாத்யாய் ஆகியோர் இம்மாவட்டத்தில் நடத்திய ஆய்வு, உணவுப் பயிர் நிலம் மரத்துக்கு மாறுவதையும், கூலி வேலை நாட்கள் மறைவதையும், அந்த மரம் ஊரின் விறகுத் தேவைக்குப் பயன்படாமல் ஹரிஹரில் இருந்த பிர்லா குழுமத்தின் ரேயான் கூழ் ஆலைக்குப் போவதையும் அம்பலப்படுத்தியது. கேழ்வரகுக்கு உழவு, நடவு, களை, அறுவடை, போரடிப்பு என்று ஆண்டுதோறும் பல கைகள் வேண்டும். தைலமரத்துக்கு ஒருமுறை நட்டுவிட்டால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு நிலம் வைத்திருப்பவருக்கு இதைவிட வசதியான பயிர் ஏது? இழந்தவர்கள் நிலமற்ற தலித் கூலித் தொழிலாளர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்களில் சுமார் 30 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

எதிர்ப்பு எழாமல் இல்லை. 1983இல் தும்கூர் மாவட்டத்தில் ரைத சங்கத்தின் விவசாயிகள் வனத்துறையின் தைலமரக் கன்றுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புளியையும் மாவையும் ஊன்றினார்கள். அவர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன. ஏறக்குறைய 34 ஆண்டுகள் கழித்து, நிலத்தடி நீர் எட்டாத ஆழத்துக்குப் போன பிறகு, 2017இல் கர்நாடக அரசே புதிதாகத் தைலமரம் நடுவதற்குத் தடை விதித்தது. அறியாதவர் என்று ஏசப்பட்ட விவசாயி 1983இல் அறிந்ததை அறிவாளி அரசு 2017இல் ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் அழிந்த வேலைக்கும் வற்றிய நீருக்கும் எவரும் கணக்குக் கொடுக்கவில்லை.

நடவு முறை என்பது வர்க்க நலனுக்கு அப்பாற்பட்ட தொழில்நுட்பம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. எதை நட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார், எவர் நலனுக்காகத் தீர்மானிக்கிறார் என்ற கேள்விகளை நீக்கிவிட்டு எப்படி நட வேண்டும் என்பதை மட்டும் போதிப்பது அரசியலாகும். மூலதனத்தின் கீழ் வேளாண்மையின் முன்னேற்றம் உழைப்பாளியையும் மண்ணையும் ஒருசேரக் கொள்ளையிடும் திறனின் முன்னேற்றமாகவும் அமைகிறது என்று மார்க்ஸ் காட்டியதை, கோலாரின் தைலமரத் தோப்பில் நின்று எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆசிரியர் யார்?

பயிற்சி இல்லாததே குறை என்று கூறுவோரிடம் மற்றொரு கேள்வியும் கேட்க வேண்டும். பயிற்சி தர வேண்டிய அமைப்பை ஒழித்தது யார்?

2003இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 59ஆவது சுற்றில், நவீனத் தொழில்நுட்பம் குறித்த தகவல் ஏதேனும் ஒரு வழியில் கிடைத்ததாகக் கூறிய விவசாயக் குடும்பங்கள் 40 விழுக்காடு மட்டுமே. எங்கிருந்து கிடைத்தது? பிற முன்னோடி விவசாயிகளிடமிருந்து 16.7 விழுக்காடு, இடுபொருள் வியாபாரிகளிடமிருந்து 13.1; வானொலியிலிருந்து 13; அரசின் விரிவாக்கப் பணியாளரிடமிருந்து 5.7 விழுக்காடு. பத்தாண்டு கழித்து நடந்த 70ஆவது சுற்றிலும் ஏறத்தாழ 59 விழுக்காட்டுக் குடும்பங்களுக்கு அரசு, தனியார் என்று எந்த வழியிலும் தொழில்நுட்ப உதவி எட்டவில்லை. அரசு விலகிய இடத்தில் பூச்சிமருந்துக் கடைக்காரர் ஆசிரியராக அமர்ந்தார். அவர் பாடத்தின் முடிவில் எப்போதும் ஒரு புட்டி விற்பனையாகும். கோலாரின் தக்காளி விவசாயியைக் கேளுங்கள்: குழித்தட்டு நாற்று, சொட்டுநீர், நிலப்போர்வை, கம்பு நட்டுக் கொடி கட்டுதல் ஆகிய அனைத்தும் அவருக்கு அத்துப்படி. திறனில் எவருக்கும் சளைத்தவரல்லர். ஆயினும் இலைச்சுருள் நோய்க்கு எந்த மருந்து என்று தீர்மானிப்பவர் அவருக்குக் கடன் கொடுத்திருக்கும் கடைக்காரரே.

அரசு மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இதே மாவட்டத்தில் சான்று உண்டு. 2009இல் கர்நாடக அரசு இக்ரிசாட் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய 'பூ சேதனா' திட்டத்தின் முதல் மாவட்டங்களுள் கோலாரும் ஒன்று. மண்ணைப் பரிசோதித்து, துத்தநாகம், போரான், கந்தகம் ஆகிய சத்துகள் எங்கே குறைவு என்று கண்டறிந்து, அவற்றைப் பாதி விலையில் வழங்கி, உள்ளூர் உழவர்களையே 'ரைத அனுவுகாரர்' என்ற பெயரில் பயிற்றுவித்து ஊர்களுக்கு அனுப்பினார்கள். பயிருக்கும் இடத்துக்கும் ஏற்ப 20 முதல் 66 விழுக்காடு வரை விளைச்சல் உயர்ந்ததாக இக்ரிசாட்டின் அறிக்கைகள் கூறின. வெறும் அறிவுரையால் இது நேரவில்லை. அறிவுரையோடு சேர்ந்து மானியமும் இடுபொருளும் வயலுக்கு வரும் ஆளும் இருந்ததால் நேர்ந்தது. ஆனால் அந்த அனுவுகாரர்கள் பருவகால மதிப்பூதியக்காரர்களாகவே வைக்கப்பட்டார்கள். திட்டம் முடிந்தால் ஆசிரியரும் முடிந்தார் என்பதே நவதாராளவாதம் வகுத்த விதி. ஹோப்ளிதோறும் உள்ள ரைத சம்பர்க்க கேந்திரங்கள் விதை, உர மானியத்தை வழங்கும் கவுண்டர்களாகச் சுருங்கிவிட்டன. வயலுக்கு வர அங்கே ஆள் இல்லை.

பூதிகோட்டைக்கே உரிய ஓர் அனுபவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மைராடா, வாய்ஸஸ் ஆகிய தொண்டு நிறுவனங்கள் யுனெஸ்கோவின் உதவியுடன் இவ்வூரில் 'நம்ம த்வனி' என்ற சமூக ஒலிபரப்பு மையத்தை அமைத்தன. சுயஉதவிக் குழுப் பெண்களும் ஊர் இளைஞர்களும் சாகுபடி, உடல்நலம், குடிநீர் பற்றிய நிகழ்ச்சிகளைத் தாமே தயாரித்தார்கள். வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்திருந்தது. ஆயினும் ஏழைகளின் கையில் ஒலிபரப்பியைக் கொடுக்க அரசு அஞ்சியது. ஆகவே பூதிகோட்டை மக்கள் தங்கள் குரலைக் கேபிள் கம்பி வழியே அனுப்ப வேண்டியதாயிற்று. 2006இல்தான் சமூக வானொலிக்கான கதவு திறந்தது. அப்போதும் செய்தி ஒலிபரப்பத் தடை நீடித்தது. எப்படி நாற்று நடுவது என்று பேசலாம். நடவுக்கூலி கேட்டவர்கள் மீது தடியடி நடந்தால் அந்தச் செய்தியைச் சொல்லக் கூடாது. பயிற்சி பற்றிய அரசின் கொள்கை முழுவதையும் இந்த ஒரு விதியில் படித்துவிடலாம்.

அந்தப் பெண்கள் காட்டிய திறனை மதிக்கிறோம். உழவர் உழவருக்குச் சொல்லும் பாடமே வேரூன்றும் என்பதை அவர்கள் நிரூபித்தார்கள். ஆனால் கொடையாளர் நிதியால் நடக்கும் முயற்சி, அந்த நிதியின் எல்லைக்குள்தான் நிற்க முடியும். சேமிப்புக் குழு கடனுக்கு வழி காட்டும், நிலவுடைமையைத் தொடாது. மண்புழு உரம் கற்பிக்கும். கொள்முதல் விலையைக் கேட்காது.

விளைந்தது யார் வீட்டுக்கு?

இனி மையக் கேள்விக்கு வருவோம். பயிற்சி பெற்ற உழவர் ஏக்கருக்கு 20 குவிண்டால் கேழ்வரகு எடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அதன் பின் என்ன நடக்கிறது?

அண்மை ஆண்டுகளின் அரசுக் கொள்முதலில் ஏக்கருக்கு 10 குவிண்டால், ஒரு விவசாயிக்கு அதிகபட்சம் 20 குவிண்டால் என்ற வரம்பு விதிக்கப்பட்டது. இருமடங்கு விளைவி என்று ஒரு துறை கற்பிக்கிறது. பாதியைத்தான் வாங்குவேன் என்று மற்றொரு துறை கதவைச் சாத்துகிறது. மிச்சத்தை ஆதரவு விலைக்குக் கீழே வியாபாரியிடம் தள்ள வேண்டும். 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடி விருந்து வைத்த அரசின் நடைமுறை இது. அந்த ஆதரவு விலையும் சாமிநாதன் ஆணையம் பரிந்துரைத்தபடி நில வாடகையும் முதலீட்டு வட்டியும் சேர்ந்த முழுச் செலவின் மீது 50 விழுக்காடு கூட்டிய விலை அன்று. அவற்றை விட்டுவிட்டுக் குறைந்த செலவின் மீது போடப்படும் கணக்கு. 2025-26க்கு அறிவிக்கப்பட்ட 4886 ரூபாயும் அந்தக் குறைந்த கணக்கின் விளைவே. தக்காளிக்கு அதுவும் இல்லை. 2023 ஜூலையில் கோலார் சந்தையில் 15 கிலோ பெட்டி 2000 ரூபாயைத் தாண்டியதைத் தொலைக்காட்சிகள் முழங்கின. விலை சரியும்போது பறிகூலிக்கும் கட்டுபடியாகாமல் விவசாயி சாலையோரம் கொட்டும் தக்காளி அதே அளவு செய்தியாவதில்லை.

அடுத்து, பயிற்சியும் மானியமும் யாருக்குப் போகின்றன? கர்நாடகத்தில் 1974ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தத் திருத்தம் குத்தகையைத் தடை செய்தது. பல குத்தகைதாரர் நிலம் பெற்றனர். அது போராட்டத்தின் வெற்றி. ஆனால் அதன் பின்னும் வாய்மொழிக் குத்தகையும் வாரச் சாகுபடியும் தொடர்கின்றன. ஆவணத்தில் மட்டும் இல்லை. 'ஃப்ரூட்ஸ்' அடையாள எண் இல்லாமல் கொள்முதலும் இல்லை, இடுபொருள் மானியமும் இல்லை. அந்த எண்ணோ பஹணியில் பெயர் உள்ளவருக்கே. உழுபவர் ஒருவர், உழவராகப் பதிவானவர் வேறொருவர். வாரதாரர் கூடுதல் உழைப்பைக் கொட்டிக் குழி எடுத்து நட்டால், கூடும் விளைச்சலில் பாதி நிலவுடைமையாளரின் களத்துக்குப் போகும். இந்த நிலையில் அவர் புதிய முறையை ஏற்கத் தயங்கினால் அது அறியாமை அன்று. மிகச் சரியான கணக்கு. 2020இல் நிலச்சீர்திருத்தச் சட்டத்தின் 79-ஏ, 79-பி பிரிவுகளை நீக்கி, விவசாயி அல்லாதவரும் நிலம் வாங்கலாம் என்று பாஜக அரசு திருத்தியபோது, பெங்களூரை ஒட்டிய கோலார் நிலம் மனை வணிகரின் வேட்டைக்காடானது. நாளை விற்கப்படும் நிலத்தில் இன்று யார் மண்வளம் வளர்ப்பார்?

பெண் தொழிலாளியின் நிலை இன்னும் கொடியது. நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களையெடுப்பதும் அவர் கைகள். பயிற்சி முகாமின் நாற்காலியில் அமர்பவரோ நிலத்தின் பட்டாவைக் கையில் வைத்திருக்கும் ஆண். வரிசை நடவு அதிக நேரமும் கவனமும் கேட்கும் வேலை. அந்தத் திறனுக்கான கூலியைப் பற்றி எந்தப் பயிற்சிக் கையேடும் ஒரு வரி எழுதுவதில்லை. இடுப்பொடிய நடுபவருக்குக் கூலி உயராமல் ஏக்கருக்கு விளைச்சல் உயர்வதை நாம் உற்பத்தித்திறன் வளர்ச்சி என்று அழைக்கச் சம்மதிக்க முடியாது; அது சுரண்டலின் வளர்ச்சி.

நீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோலாரின் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டுவிட்டது. ஆழ்துளைக் கிணறுகள் 1000 அடியையும் கடந்துவிட்டன. ஏரிகளின் மாவட்டம் என்று பெயர் பெற்ற மண்ணில் ஏரிகள் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடக்கின்றன. 2018இல் தொடங்கிய கே.சி. பள்ளத்தாக்குத் திட்டம், நாளொன்றுக்கு 440 மில்லியன் லிட்டர் பெங்களூர்க் கழிவுநீரை இரண்டு கட்டச் சுத்திகரிப்போடு நிறுத்தி, கோலார் ஏரிகளுக்கு அனுப்ப வகுக்கப்பட்டது. ஏரியில் நீர் தெரிகிறது, கிணறுகளும் ஊறுகின்றன என்பது உண்மை. மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு இல்லாமல் அந்த நீரைக் கிராமத்துக்கு அனுப்பியது ஏன் என்ற கேள்வியும் உண்மை. பெருநகரத்துக்குக் காவிரி, கோலாருக்கு அதன் கழிவு என்பதே ஆட்சியாளரின் நீர்ப் பங்கீடு.

நம்மிடையே நிலவும் ஒரு தவறான எண்ணம்

எதிரியின் வாதத்தை மறுப்பதோடு நமது கடமை முடிவதில்லை. இடதுசாரி வட்டாரங்களிலேயே ஒரு கருத்து உலவுகிறது. நாற்று இடைவெளியும் தொழு உரமும் தொண்டு நிறுவனங்களின் வேலை. நமது வேலை நிலம், கூலி, விலைக்கான போராட்டம் மட்டுமே என்பது அந்தக் கருத்து. கேட்பதற்குப் புரட்சிகரமாகத் தோன்றும் இந்த எண்ணம் நடைமுறையில் வயலை எதிரிக்கு விட்டுக்கொடுக்கிறது.

கொள்முதல் நிலையத்தின் முன்னால் நாம் ஆண்டுக்கு ஒருமுறை கொடி பிடிக்கிறோம். உரக் கடைக்காரரோ ஆண்டின் 365 நாளும் விவசாயியோடு பேசுகிறார். தொண்டு நிறுவனத்தின் பணியாளர் வாரந்தோறும் பெண்கள் கூட்டத்தில் அமர்கிறார். உழவரின் அன்றாட உழைப்பைப் பற்றிப் பேசத் தெரியாத அமைப்பை உழவர் தம் அமைப்பாகக் கருதுவாரா? சுரங்கத்தின் அடியாழத்தில் பாறை வெடிப்பையும் காற்றோட்டத்தையும் சிலிக்கோசிஸ் நோயையும் தொழிலாளரோடு சேர்ந்து அறிந்திருந்ததால்தான் தங்கவயலில் செங்கொடிச் சங்கம் வேரூன்றியது. வேலையின் நுட்பம் அறியாமல் வேலையாளரைத் திரட்ட முடியாது என்பது நமது சொந்த வரலாற்றின் பாடம்.

கியூபாவைப் பாருங்கள். சோவியத் ஒன்றியம் வீழ்ந்து, எரிபொருளும் உரமும் நின்றுபோன நெருக்கடியில், அந்நாட்டின் சிறு விவசாயிகள் சங்கமான அனாப், 1997 முதல் 'உழவரிடமிருந்து உழவருக்கு' என்ற இயக்கத்தைக் கையிலெடுத்தது. ஒரு பத்தாண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதில் இணைந்தன. அங்கே பயிற்சி வெற்றி பெற்றதன் காரணம் வெளிப்படை: நிலச்சீர்திருத்தம் முன்பே நடந்திருந்தது; விளைபொருளை வாங்க அரசு இருந்தது; கற்பித்தது விவசாயிகளின் சொந்த அமைப்பு. கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் தரிசு நிலத்தைக் குழுவாகக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுவதற்குப் பின்னாலும் உள்ளாட்சியின் நிதியும் ஆதரவும் இருக்கின்றன. எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2004-05இல் தமிழ்நாடு அரசு 400 ஹெக்டேரில் நடத்திய துல்லியப் பண்ணையத் திட்டமும் இதையே வேறொரு கோணத்தில் காட்டியது. சொட்டுநீர்ச் செலவைப் பெருமளவு அரசு ஏற்று, பல்கலைக்கழக விஞ்ஞானிகள் வயலுக்கு வந்து, விவசாயிகள் குழுவாகச் சந்தைக்குப் போனபோது விளைச்சலும் வருமானமும் உயர்ந்தன. அதன் எல்லையும் தெளிவு: கிணறும் நிலமும் உள்ளவரே உள்ளே நுழைய முடிந்தது.

செய்ய வேண்டியது

எனவே கோலார், தங்கவயல் வட்டாரத் தோழர்களும், எல்லையின் இருபுறமும் உள்ள நமது விவசாய, விவசாயத் தொழிலாளர் அமைப்புகளும் உற்பத்தித்திறன் என்ற முழக்கத்தை ஆட்சியாளர் கையிலிருந்து பறித்துத் தமதாக்கிக்கொள்ள வேண்டும்.

ஹோப்ளிதோறும் நிரந்தர விரிவாக்கப் பணியாளர் வேண்டும். ரைத அனுவுகாரர்களுக்கு ஆண்டு முழுவதும் பணியும் முறையான ஊதியமும் வேண்டும். பயிற்சிக்கு வரும் பெண் தொழிலாளிக்கு அன்றைய நாள் கூலியைத் துறையே தர வேண்டும். வரிசை நடவுக்குத் திறன்மிகு வேலைக்குரிய கூலி நிர்ணயிக்க வேண்டும். பஹணியில் பெயர் இல்லாத வாரதாரரையும் நிலமற்றோரையும் சாகுபடியாளராகப் பதிவு செய்ய வேண்டும். கேழ்வரகுக் கொள்முதலின் ஏக்கர் வரம்பை நீக்கி, முழுச் செலவின் மீது 50 விழுக்காடு கூட்டிய விலைக்குச் சட்டப் பாதுகாப்புத் தர வேண்டும். 2020ஆம் ஆண்டின் நிலச் சட்டத் திருத்தத்தைத் திரும்பப் பெற வேண்டும். தைலமரம் அகற்றப்படும் அரசு நிலத்தை நிலமற்ற தலித் குடும்பங்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும். ஏரிகளுக்கு வரும் கழிவுநீருக்கு மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு வேண்டும்.

கோரிக்கை மட்டும் போதாது. ஒவ்வொரு கிளையும் வரும் பருவத்தில் ஓர் ஏக்கரிலாவது குளி முறையையும் அக்கடி வரிசையையும் தம் உறுப்பினர் நிலத்தில் செய்து காட்டட்டும்; விதை, எரு, வேலை நாள், கூலி, விளைச்சல், விற்ற விலை ஆகிய அனைத்தையும் கணக்கெழுதட்டும். அந்தக் கணக்குப் புத்தகம் இரண்டு உண்மைகளைச் சொல்லும். உழவரின் கையும் அறிவும் எவ்வளவு விளைவிக்க வல்லவை என்பது ஒன்று. அப்படி விளைந்ததில் எவ்வளவு அவர் கையை விட்டுப் போகிறது, எங்கே போகிறது என்பது மற்றொன்று. முதல் உண்மையோடு அரசின் பயிற்சி முகாம் நின்றுவிடும். இரண்டாவதை ஊர் ஊராக எடுத்துச் செல்ல வேண்டியவர்கள் நாம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசும் உழைப்பாளிகளை விடியற்கால இரயிலில் ஏற்றியது ஒரே கொள்ளைதான் என்பதை அந்தக் கணக்கைக் கொண்டே அவர்களிடம் பேசுவோம்.